கொல்லைப்புறத்து ப்ளாக்பெர்ரி: இனங்காண்பதும் அடக்குவதும்

சியாட்டில், போர்ட்லண்ட் பக்கம் வீடு தேடுகிறவர்களில் பலர் கோடையில்தான் தேடுகிறார்கள். மழை விட்டிருக்கும், புல் காய்ந்திருக்கும், கொல்லையின் கடைக்கோடியில் ஒரு ப்ளாக்பெர்ரிப் புதர் கருகருவென்று பழுத்துத் தொங்கும். பழமரமும் சேர்த்தே கிடைத்தது என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுகிறோம். விட்டுவைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் புதர் வேலியை மூடி, தோட்டக் கொட்டகையின் கூரை மேல் ஏறி, பக்கத்து வீட்டுப் புல்தரையில் வேரூன்றிவிடும்.

ஊரில் சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் குணம் சட்டென்று பிடிபடும். மேலே வெட்ட வெட்ட அடியில் தழைக்கும், தூரைத் தோண்டினால்தான் ஓயும். ஆனால் இது மாதத்துக்கு ஒரு நிலையில் இருக்கிற செடி. அதன் பலமும் பலவீனமும் பருவத்தோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கருவியை எடுப்பது என்று கடையில் நின்று யோசிப்பதைவிட, எந்த மாதத்தில் எடுப்பது என்று யோசிப்பது பயன் தரும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

இது யார் வீட்டுச் செடி

ஆங்கிலத்தில் இதை ஹிமாலயன் ப்ளாக்பெர்ரி என்கிறார்கள். இமயமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அர்மீனியாவும் வட ஈரானும்தான் இதன் தாயகம். தாவரப் பெயர் ரூபஸ் அர்மெனியாகஸ். கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் இருந்த புகழ்பெற்ற செடி வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் 1885-இல் இந்தியாவிலிருந்து வரவழைத்த விதைகளில் இது முளைத்தது. அதனால் அவர் இதற்கு ‘ஹிமாலயா ஜயண்ட்’ என்று பெயரிட்டு விற்றார். பெரிய பழம், ஏராளமான காய்ப்பு, எந்த மண்ணிலும் பிழைக்கும் வீம்பு: விற்பனைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பறவைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1945 வாக்கில் மேற்குக் கரை நெடுகச் சாலையோரம், ஓடைக்கரை, ரயில் பாதை என்று அது தானாக வளர ஆரம்பித்துவிட்டது. இன்று வாஷிங்டன் மாநிலம் இதை ‘சி’ வகுப்புக் களையாகவும், ஓரிகன் ‘பி’ பட்டியல் களையாகவும் வைத்திருக்கின்றன. எங்கும் பரவிவிட்டது, முழுக்க ஒழிக்க முடியாது, அவரவர் இடத்தில் அடக்கி வையுங்கள் என்பதுதான் இந்த வகைப்பாட்டின் நடைமுறைப் பொருள். பெரும்பாலான இடங்களில் உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆகவே செய்வதும் செய்யாததும் உங்கள் கையில்.

இதில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் மஞ்சள் நிறத்தில் பழுக்கும் முட்செடியைப் பறித்துத் தின்றிருப்பீர்கள். ரூபஸ் எலிப்டிகஸ் என்ற அந்தச் செடி இப்போது ஹவாய்க் காடுகளில் பெரிய தொல்லை. அதே மலைகளில் வளரும் இன்னொரு உறவுக்காரச் செடி, ரூபஸ் நிவியஸ், கலாபகோஸ் தீவுகளை மூடிக்கொண்டிருக்கிறது. பிறந்த ஊரில் அடங்கி இருக்கிற செடி போன ஊரில் இப்படி ஆட்டம் போடுவது இந்தக் குடும்பத்தின் பழக்கம்.

வெட்டுவதற்கு முன்னால் பாருங்கள்

இந்த ஊரின் சொந்த முட்செடிகள் பல இதே சாயலில் இருக்கும். அவற்றைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும் என்பதால், கத்தரியை எடுக்கும் முன் கண்ணை ஓட்டுங்கள்.

முதலில் தண்டு. ஹிமாலயனின் தண்டு கட்டை விரல் தடிமன், சில சமயம் அதைவிடவும் பெரியது. உருண்டையாக இருக்காது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும், நெடுக வரிவரியாகப் பள்ளமும் மேடும் ஓடும். முட்கள் அடி பருத்து, நுனி வளைந்து, சட்டையைப் பிடித்தால் விடாத வகை. தண்டு நேரே எழுந்து, வில்லாக வளைந்து, மண்ணை நோக்கி இறங்கும். நல்ல இடம் கிடைத்தால் ஒரே தண்டு 20 அடி, 30 அடி என்று ஓடும்.

அடுத்தது இலை. புதிதாக எழுந்த தண்டில் ஐந்து சிற்றிலைகள் கை விரித்தாற்போல் ஒரே இடத்திலிருந்து பிரியும். ஒவ்வொன்றும் அகன்ற முட்டை வடிவம், ஓரம் ரம்பப் பல். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெளுத்து, மெல்லிய பஞ்சு ஒட்டியது மாதிரி இருக்கும். பூக்கும் கிளைகளில் மட்டும் ஐந்துக்குப் பதில் மூன்று சிற்றிலைதான் பெரும்பாலும் இருக்கும். இது தெரியாமல், ‘மூன்று இலைதானே இருக்கிறது, அப்படியானால் நாட்டு வகை’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எண்ணுவதானால் பூக்காத, தடித்த, புதுத் தண்டில் எண்ணுங்கள்.

இனி, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை. மேற்குக் கரையின் சொந்த ப்ளாக்பெர்ரி, ரூபஸ் உர்சினஸ், தரையோடு தரையாக ஓடும் மெல்லிய கொடி. தண்டு உருண்டை, மேலே விரலால் துடைத்தால் போகிற நீலம் கலந்த வெள்ளைப் பூச்சு. முள் ஊசி மாதிரி மெலிந்திருக்கும். மூன்றே சிற்றிலை. பழம் சின்னது, ஹிமாலயனுக்கு முந்தியே பழுத்துவிடும். ருசியில் பெரியதைத் தோற்கடிக்கும் என்பது என் கட்சி. காட்டோரத்தில் நடக்கும்போது காலைத் தட்டிவிடும் என்பதைத் தவிர இதனால் ஒரு கெடுதலும் இல்லை. விட்டுவிடுங்கள்.

பிளாக்கேப் என்கிற கறுப்பு ராஸ்பெர்ரி கொஞ்சம் ஏமாற்றும். அதன் இலையும் அடியில் வெள்ளைதான், தண்டும் வளையும். ஆனால் தண்டு உருண்டை, அதன் மேல் வெளிர்நீலச் சாம்பல் பூசியிருக்கும். பழத்தைப் பறித்தால் உள்ளே குழிவாக இருக்கும், நடுக் காம்பு செடியிலேயே தங்கிவிடும். ப்ளாக்பெர்ரி எதுவானாலும் நடுக் காம்பு பழத்தோடு கூடவே வந்துவிடும். சால்மன்பெர்ரி வசந்த காலத் தொடக்கத்தில் அடர் இளஞ்சிவப்பில் பூக்கும், ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். திம்பிள்பெர்ரிக்கு முள்ளே கிடையாது, பெரிய மெத்தென்ற இலை. இவை மூன்றும் இந்த மண்ணின் செடிகள்.

வெட்டி எறியவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. எவர்கிரீன் ப்ளாக்பெர்ரி, ரூபஸ் லசினியாடஸ். ஐரோப்பாவிலிருந்து வந்தது. இலை ஆழமாக வெட்டுப்பட்டுக் கொத்தமல்லியைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும், இரு பக்கமும் பச்சை. இதற்கும் ஹிமாலயனுக்குச் சொல்லும் வைத்தியமே போதும்.

ஓரிகனில், குறிப்பாக வில்லமெட் பள்ளத்தாக்கில், புதருக்குள் பாய்சன் ஓக் கலந்து வளரும். மூன்று சிற்றிலை, முள் இல்லை, இலையில் ஒரு மினுமினுப்பு. பட்டால் பல நாள் அரிப்பும் கொப்புளமும் பாடாய்ப் படுத்தும். புதருக்குள் முள்ளில்லாத மூன்றிலைக் கொடி தெரிந்தால் கையை வைக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு கிளையை வெட்டிப் பையில் போட்டு, உங்கள் கவுண்டியின் மாஸ்டர் கார்டனர் முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 1973-இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தொடங்கிய தன்னார்வத் திட்டம் அது. இலவசமாகச் சொல்வார்கள். பழைய உரிமையாளர் கம்பி கட்டி ஒழுங்காகப் படரவிட்டிருந்த கொடியானால் கட்டாயம் கேட்டுவிடுங்கள். அது மேரியன்பெர்ரியாக இருக்கலாம். 1956-இல் ஓரிகனில் வெளிவந்த அந்த அருமையான வகையின் மூதாதைகளில் இந்த ஹிமாலயனும் ஒன்று என்பது வேடிக்கை.

செடியின் ஓர் ஆண்டு

மண்ணுக்குள் இருக்கிற தூர் பல ஆண்டு வாழும். அதிலிருந்து எழும் தண்டுக்கு ஆயுசு இரண்டு வருஷம்தான். முதல் வருஷத் தண்டு வளர்வதைத் தவிர வேறு வேலை பார்க்காது. இரண்டாம் வருஷம் அதே தண்டு பக்கக் கிளை விட்டுப் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். செத்த தண்டு விழாமல் அப்படியே நிற்கும். அதன் மேல் சாய்ந்துகொண்டு அடுத்த தலைமுறை ஏறும். பழைய புதரின் நடுவே பெரிதும் காய்ந்த குச்சிக் கூடுதான் இருக்கும். எலிகளுக்கு அது அரண்மனை. இந்த ஊர்ப் புறநகர்களில் எலித் தொல்லைக்கு ஆள் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது ப்ளாக்பெர்ரிப் புதரைத்தான்.

மார்ச், ஏப்ரலில் தூரிலிருந்து புதுக் குருத்து கிளம்பும். அப்போது செடி தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. மே, ஜூனில் அசுர வளர்ச்சி, கூடவே பூ. வேரில் இருந்த மாவுச்சத்து அநேகமாகக் காலியாகிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை பழம். ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து புதுத் தண்டுகளின் நுனி மண்ணைத் தொட்டு, அங்கேயே வேர் விட்டு, ஒரு புதுச் செடியாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் இலையில் செய்த சர்க்கரையெல்லாம் கீழே தூருக்கு இறங்கும். குளிர்காலத்தில் இலை முழுக்க உதிராமல், பாதித் தூக்கத்தில் இருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் உரிய காலம் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை தோண்டல். பூ வந்ததும் வெட்டு. ஆகஸ்டில் நுனி. மருந்து போடுவதானால் செப்டம்பர், அக்டோபர். இதில் நான் முதலிடம் தருவது குளிர்காலத் தோண்டலுக்கு. மற்ற மூன்றும் அதற்குத் துணை.

குளிர்காலத் தோண்டல்

நவம்பரில் மழை இறங்கியதும் மண் இளகிவிடும். கோடையில் பாறையாக இருந்த அதே களிமண் கடப்பாரைக்கு வழிவிடும். பறவைக் கூடு இருக்காது. தரையில் பொந்து கட்டிக்கொண்டு ஆகஸ்டில் பாயும் மஞ்சள் குளவிகளும் இருக்காது. இந்தக் குளவிகளுக்காகவே கோடையில் பெரிய புதருக்குள் கையை விடவேண்டாம் என்பேன்.

தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னதாக 811-க்கு அழையுங்கள். எரிவாயு, மின்சாரம், கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். புதர் மூடிய இடத்தில் மீட்டர் குழாய் இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

உடுப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். முழங்கை வரை நீளும் தோல் கையுறை, கண்ணாடி, தடித்த முழுக்கைச் சட்டை, கனமான பூட்ஸ். வளைந்த தண்டை வெட்டும்போது அது விசிறி அடித்து முகத்துக்கு வரும், கண்ணாடி அதற்காக. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நகர்ப்புறப் புதருக்குள் உடைந்த கண்ணாடி, பழைய முள்கம்பி, சில இடங்களில் ஊசிகூடக் கிடக்கும்.

வெளி ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் தோன்றுவது, அடர்த்தியான நடுப்பகுதியை முதலில் அடித்து நொறுக்குவோம் என்பது. அது தப்பு. சிட்னியின் மோஸ்மன் பகுதியில் 1960-களில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் காட்டுத் துண்டுகளில் களையெடுத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். நல்ல செடிகள் பிழைத்திருக்கும் ஓரத்தில் தொடங்கு, கெட்ட இடத்தை நோக்கி மெதுவாக நகரு, மீட்ட இடம் திரும்பப் போகாதபடி பார்த்துக்கொண்டே போ என்பது அதன் சாரம். ப்ளாக்பெர்ரிக்கு இது அப்படியே பொருந்துகிறது. நடுவில் வெட்டித் திறந்துவிட்டால் வெளிச்சம் கொட்டும், வருஷக்கணக்காக மண்ணில் காத்திருக்கும் விதையெல்லாம் ஒன்றாக முளைக்கும். உங்களால் திரும்பிவந்து பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மட்டும் ஒரு குளிர்காலத்தில் திறங்கள்.

நீண்ட கைப்பிடிக் கத்தரியால், அதாவது லாப்பரால், தண்டை முதலில் மேலே துண்டு துண்டாக வெட்டி இழுத்து ஒதுக்குங்கள். தரைக்கு மேல் ஓரடி மிச்சம் இருக்கட்டும். மொட்டையாகத் தரையோடு வெட்டினால் தூர் எங்கே என்று பிறகு தேட வேண்டியிருக்கும். ஓரடிக் கட்டை இருந்தால் இடமும் தெரியும், பிடித்து ஆட்டவும் உதவும். அதைச் சுற்றிக் குந்தாலியால் மண்ணை இளக்கி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புங்கள். மேலே வருவது முடிச்சு முடிச்சான கட்டை. இளம் செடியில் எலுமிச்சை அளவுதான் இருக்கும், பழைய புதரில் ஒரு சாண் அகலத்தைத் தொடும். அதுதான் தூர். அதிலிருந்து பக்கவாட்டில் போகும் தடித்த வேர்களையும் இயன்றவரை இழுத்துவிடுங்கள், அவையும் துளிர்க்கும். நூல் மாதிரியான சன்ன வேருக்காக மண்ணைச் சலிக்க வேண்டாம்.

தோண்டிய தூரை ஈர மண்ணின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தால், அது திரும்ப வேர் பிடித்துவிடும். தார்ப்பாய் மேலோ கான்கிரீட் மேலோ போட்டு, மழை படாமல் நன்றாகக் காயவிடுங்கள். தண்டுகளைத் துண்டாக்கி முனிசிபாலிட்டியின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடலாம். இடம் இருந்தால் ஒரு மூலையில் குவித்து மக்கவிடலாம், ஈர மண்ணில் நேரடியாகப் படாமல் இருந்தால் போதும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. கொல்லை சரிவாக இறங்குகிறதென்றால், அல்லது ஓடைக்கரையில் முடிகிறதென்றால், மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். இந்தச் செடியின் வேர் கரையைப் பிடித்துவைப்பதில் உள்ளூர் மரங்களுக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனாலும் ஒன்றுமே இல்லாததைவிட மேல். மழைக்காலத்தில் சரிவு முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டித் திறந்தால் மண் கீழே வந்து சேரும். சரிவில் பட்டை பட்டையாக, குறுக்குவாட்டில், ஒரு பட்டையில் நட்டது வேர் பிடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். செங்குத்தான சரிவிலும் ஓடைக்கரையிலும் செடி அகற்றப் பல நகரங்கள் அனுமதி கேட்கின்றன. நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தனியாக இதையெல்லாம் பழகத் தயக்கமானால், சியாட்டிலில் கிரீன் சியாட்டில் பார்ட்னர்ஷிப் பூங்காக்களில் நடத்தும் தன்னார்வக் களையெடுப்புக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். கருவி அவர்களே தருவார்கள். தூரை நெம்பும் வித்தை படித்து வருவதைவிடப் பார்த்து வருவது சுலபம்.

ஜூனில் வெட்டு

குளிர்காலத்தில் தோண்ட முடியாமல் விட்டவை, தோண்டியும் தப்பியவை எல்லாம் ஏப்ரலில் துளிர்க்கும். துளிர்த்ததைப் பார்த்துப் பதறிப்போய் உடனே வெட்டாதீர்கள். செலவழிக்கட்டும். பூ வந்ததும் வெட்டுங்கள். சேமிப்பு தீர்ந்து, புதுச் சம்பாத்தியம் தொடங்காத நேரம் அது. அப்போது விழும் ஒரு வெட்டு வேறு மாதத்தில் விழும் பல வெட்டுக்குச் சமம். தோண்டவே முடியாதவர்கள் வெட்டை மட்டும் நம்பினால், வருஷத்துக்குச் சில முறை வீதம் பல வருஷம் விடாமல் வெட்ட வேண்டும். நடுவில் ஒரு வருஷம் ஊருக்குப் போய்விட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு சிக்கல் உண்டு. ஜூன் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது 1918-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், நாட்டுப் பறவைகள் அநேகமாக எல்லாம் அதில் அடக்கம். ஆள் உயரப் பழைய புதரை ஜூனில் முதன்முறையாக வெட்டுவதை அதனால் நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய புதரைக் குளிர்காலத்தில் இறக்கிவிடுங்கள். ஜூனில் வெட்டுவது அதன் மறுதுளிர்ப்பாக மட்டும் இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே நிற்கும் துளிரில் கூடு இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஆகஸ்டின் பழமும் நுனியும்

இந்த மாதத்தில்தான் மனசு மாறும். பழம் அவ்வளவு நன்றாக இருக்கும். வெல்லமும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் கிண்டினால் தொக்குக்கு நிகராக வரும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். பறித்துத் தின்பதில் தவறே இல்லை. பறிக்கிற பழம் ஒவ்வொன்றும் பறவை கொண்டுபோகாத விதை. ஆனால் நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரங்களில் பறிக்காதீர்கள். அங்கே மருந்து அடித்திருக்கலாம்.

வீட்டில் செர்ரியோ ப்ளூபெர்ரியோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. புள்ளி இறக்கை கொண்ட ட்ரோசோஃபிலா ஈ 2008-இல் கலிஃபோர்னியாவிலும், 2009-இல் ஓரிகன், வாஷிங்டனிலும் காணப்பட்டது. அழுகிய பழத்தை மொய்க்கும் சாதாரண ஈ போலன்றி, இது செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்துக்குள்ளேயே முட்டையிடும். ப்ளாக்பெர்ரிப் புதர் அதற்குப் பண்ணை. பறித்த பழத்தை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டுவையுங்கள். உள்ளே புழு இருந்தால் வெளியே வரும். சமையலறையில் இதைச் செய்து காட்டினால், ‘புதரை எடுத்துத்தான் ஆகணுமா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

பழம் பறிக்கப் போகும்போதே கையில் கத்தரியும் இருக்கட்டும். புதுத் தண்டுகளின் நுனி எங்கெல்லாம் தரையை நோக்கி இறங்குகிறதோ அங்கெல்லாம் மூன்றடி விட்டு வெட்டிவிடுங்கள். ஏற்கெனவே மண்ணுக்குள் போயிருந்தால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இந்த வருஷம் இழுத்தால் இரண்டு விரல், அடுத்த வருஷம் குந்தாலி. வேறு எதையும் செய்ய நேரமில்லாத வருஷத்தில் இந்த ஒன்றை மட்டுமாவது செய்தால் புதர் இருக்கிற இடத்தைவிட்டு அதிகம் நகராது.

மருந்து பற்றி

தேவையில்லாத இடத்தில் களைக்கொல்லியை நான் ஆதரிப்பதில்லை. வீட்டுக் கொல்லை அளவுக்குத் தோண்டலே போதும். ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மூடிக்கிடக்கும் நிலத்தில், முதுகுவலியோடு தனியாக நிற்கும் ஒருவருக்கு மண்வெட்டியை மட்டும் உபதேசிப்பது நியாயமில்லை.

பொதுவாகப் பயன்படுத்துவது இரண்டு: கிளைஃபோசேட், ட்ரைக்ளோபிர். முதலாவது பட்ட பச்சை எதையும் கொல்லும். இரண்டாவது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். இரண்டுக்கும் நல்ல காலம் செப்டம்பர் நடுவிலிருந்து முதல் உறைபனிக்கு முன்வரை. சர்க்கரை கீழே இறங்கும்போது மருந்தும் கூடவே தூருக்கு இறங்கும். மே மாதத்தில் அடித்தால் மேல் இலை கருகும், தூர் சிரிக்கும். பெரிய புதரானால் முன்பே வெட்டி, மறுபடி துளிர்த்து இடுப்பளவு வந்த பிறகு அந்த இலையில் அடியுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், நனைந்தால் போதும். அடித்த பிறகு இலை பழுத்துக் காயும் வரை வெட்டாதீர்கள். இல்லையென்றால் மருந்து இறங்கும் பாதையை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, இலையுதிர் காலத்தில் தண்டைத் தரையோடு வெட்டி, வெட்டிய வாயில் உடனே தூரிகையால் தடவுவது. சில நிமிஷம் தாமதித்தாலும் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். ஆள் ஒருவர் வெட்ட, ஒருவர் தடவினால் சரியாக வரும். காற்றில் பறக்காது, பக்கத்துச் செடிக்குப் படாது.

புட்டியின் முன்பக்கப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பிராண்ட் பெயரில் வெவ்வேறு மருந்துகள் விற்கிறார்கள், அவற்றில் சில, பல மாதம் அந்த மண்ணில் எதையும் முளைக்கவிடாது. பின்பக்கம் செயல்படும் வேதிப்பொருளின் பெயரைப் படியுங்கள். லேபிளில் போட்டிருக்கும் அளவும் முறையும் அமெரிக்காவில் சட்டம், அறிவுரை இல்லை. ஓடை, குளம், ஈரநிலம் பக்கத்தில் சாதாரணப் புட்டியைத் திறக்கவே கூடாது. நீரோரத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து தனி, அதை அடிக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும். சால்மன் மீன் ஏறி வரும் தண்ணீர் அது. பழம் தொங்கும்போதும் அடிக்காதீர்கள், யார் வீட்டுக் குழந்தை பறிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆடு

ஆடு வாடகைக்கு விடுவோர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். முள்ளோடு சேர்த்து ஆசையாகத் தின்னும். பார்க்கவும் நன்றாக இருக்கும், தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் ஆடு தூரைத் தின்னாது. அது போன பிறகு வேலை நமக்குத்தான். நல்ல செடி, கெட்ட செடி என்ற பேதமும் அதற்குக் கிடையாது. முக்கியமாக, இந்த ஊர்த் தோட்டங்களில் வேலியோரமெல்லாம் நிற்கும் ரோடோடெண்ட்ரானும் அசேலியாவும் ஆட்டுக்கு விஷம். அவை இருக்கும் கொல்லையில் தனி வேலி கட்டாமல் ஆட்டை இறக்காதீர்கள்.

ப்ளாக்பெர்ரி இலையைத் தாக்கும் துருப் பூஞ்சை ஒன்று சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் களைக்கட்டுப்பாட்டுக்காகப் பரப்பப்பட்டது. 2005-இல் அது ஓரிகனின் தென்கரையில் தானாகவே காணப்பட்டது. இலையில் ஊதாப் புள்ளியும் அடியில் மஞ்சள் பொடியும் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஹிமாலயனை அது கொல்வதில்லை.

காலி இடத்தில் என்ன

தோண்டிய நிலத்தை அப்படியே விட்டால் அடுத்த ஏப்ரலில் அதில் ப்ளாக்பெர்ரி நாற்றுதான் பச்சைப் பாயாக வரும். தோண்டிய கையோடு, அதே குளிர்காலத்தில், நடவேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை நட்டால் மழையே தண்ணீர் ஊற்றிவிடும். கைவசம் அட்டைப் பெட்டிகள் இருந்தால் விரித்து, மேலே மரச்சில்லை ஓர் அரை அடி கனத்துக்குப் பரப்பி, நடுவில் குழி போட்டு நடுங்கள். மூடாக்கு விதை முளைப்பதைத் தடுக்கும். தூர் எழும்புவதைத் தடுக்காது. தோண்டாமல் அட்டை போடுகிறவர்கள் அட்டையைக் கிழித்துக்கொண்டு வரும் குருத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்தச் செடிக்குப் பிடிக்காதது அடர்ந்த நிழல். ஆகவே நிழல் தரும் மரங்களில் கவனம் வையுங்கள். சீக்கிரம் வளர ரெட் ஆல்டர், நிரந்தர நிழலுக்கு வெஸ்டர்ன் ரெட் சீடர். அவற்றின் கீழ் சால்மன்பெர்ரி, ஸ்னோபெர்ரி, ஸ்வார்ட் ஃபெர்ன். ஈரமான கரையில் வில்லோ, ரெட் ஓசியர் டாக்வுட் ஆகியவற்றின் குச்சியைக் குளிர்காலத்தில் வெட்டி மண்ணில் செருகினாலே போதும், முருங்கைப் போத்து மாதிரி பிடித்துக்கொள்ளும். பழம் விடமுடியாதவர்கள் வேலியோரம் முள்ளில்லாத தோட்ட ப்ளாக்பெர்ரி ஒன்றைக் கம்பி கட்டி வளருங்கள். எலி ஒளியாது, குழந்தை கையும் கிழியாது.

நட்ட பிறகு மூன்று நான்கு வருஷம், ஏப்ரலில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை சுற்றி வாருங்கள். மரக்கிளை, வேலிக்கம்பம், மின்கம்பி என்று பறவை உட்காரும் இடங்களுக்கு நேர் கீழே நின்று பாருங்கள், நாற்று அங்கேதான் முதலில் வரும். மழை பெய்த மறுநாள் இரண்டு விரலால் வேரோடு வந்துவிடும்.

பக்கத்து வீட்டில் புதர் இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நீங்கள் என்ன செய்தாலும் ஆகஸ்டில் நுனி எட்டிப் பார்க்கும். போய்ப் பேசுங்கள். முதல் பேச்சிலேயே ‘எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லாமல், ஓரமாக நீளும் தண்டுகளை நான் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. அவர்கள் பக்கம் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் சொல்லுங்கள். வேலியை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மரச்சில்லு போட்டு வெறுமையாக வைத்திருந்தால், நடந்துபோக வழியாகவும் இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் நுனியும் ஒன்றுவிடாமல் கண்ணில் படும்.